மாய் என்றொரு பெயர்

(பணியிடைப் பயிற்சியின் நிறைவு நாளில் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பயிற்சியின் கடைசி நாள், கடைசி மணி நேரம். பலர் பேருந்து நேரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரிகிறது. நானும் முப்பத்திரண்டு ஆண்டுகள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பேருந்து நேரம் பார்த்தவள்தான். அதனால் செயல்திட்டம், கற்றல் விளைவுகள் என்று எதையும் தொடப் போவதில்லை. ஒரே ஒரு பெயரைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். அது ஒரு வியட்நாமியப் பெண்ணின் பெயர்.

பணி ஓய்வுக்குப் பிறகு, ஹோ சி மின் நகரத்தில் வேலை பார்க்கும் என் மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். பழைய சைகோன்தான் அது. அடுத்த வீட்டில் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை இருந்தார். மாலையில் கட்டு நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு வருவார். வாசலில் உட்கார்ந்து சிவப்பு மையில் திருத்துவார். அவர் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவருக்குத் தெரியாது. ஆனால் நோட்டு திருத்தும் முகத்தைப் பார்த்தால் எந்த ஊர் ஆசிரியரும் நம்மவர்தானே! இரண்டே நாளில் சிநேகமாகிவிட்டோம். பேச்சுக்கு என் மகளும், ஏழு வயதுள்ள அவருடைய பேரனும் துணை.

கதவில் அவர் பெயர் ரோமன் எழுத்தில் இருந்தது. எம், ஏ, ஐ. நான் அதை ‘மை’ என்று படித்தேன். சிவப்பு மையும் கையுமாக இருப்பவருக்குப் பொருத்தமான பெயர்தான் என்று நினைத்துக்கொண்டு பத்து நாள் அப்படியே கூப்பிட்டேன். அவரும் சிரித்தபடி திரும்பிப் பார்ப்பார். பதினோராம் நாள் அந்தப் பேரன் பொறுக்க முடியாமல் விழுந்து விழுந்து சிரித்தான். அப்போதுதான் தெரிந்தது. அவர் பெயர் ‘மாய்’. ஆகாரத்தை நீட்டிச் சொல்ல வேண்டும். குறுக்கிச் சொன்னால் அது வேறு சொல். அதற்கு அதிர்ஷ்டம் என்று ஒரு பொருள் உண்டு. துணி தைப்பது என்று இன்னொரு பொருளும் உண்டு. நான் பத்து நாளும் அந்த அம்மாவைத் ‘தையல் டீச்சர்’ என்று கூப்பிட்டிருக்கிறேன்!

குறிலும் நெடிலும் பொருளை மாற்றும் என்று மூன்றாம் வகுப்பில் பல்லும் பாலும், கல்லும் காலும் காட்டிக் கற்றுக்கொடுத்தவள் நான். இன்னொருவர் பெயர் என்று வந்தபோது என் காது அதைக் கவனிக்கவில்லை.

நெடில் சரியாக வந்தால் மட்டும் போதாது. வியட்நாமிய மொழியில் சுருதியும் எழுத்தைப் போன்றதுதான். ஒரே அசையை ஆறு விதமாகச் சொல்லலாம். மாய் என்று ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னால்தான் அந்தப் பெயர். குரலைத் தாழ்த்திச் சொன்னால் தீட்டுவது, அரைப்பது. மேலே ஏற்றிச் சொன்னால் கூரை. இடையில் வெட்டி ஏற்றினால் ‘என்றென்றும்’. ரோமன் எழுத்துக்கு மேலும் கீழும் அவர்கள் இடும் சின்னச் சின்னக் குறிகளில் பல இந்தச் சுருதிகளைக் காட்டுபவை. அவை அலங்காரம் இல்லை. நாம் புள்ளியை விட்டுவிட்டு எழுதினால் ‘கல்’ ‘கல’ ஆகிவிடுவது போலத்தான்.

சரி, அந்தப் பெயருக்குப் பொருள் என்ன?

மாய் என்பது ஒரு பூ. சீனத்தில் ‘மெய்’ என்று சொல்லப்படும் மரத்தின் பெயர் வியட்நாமிய ஒலிப்பில் மாய் ஆகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்குமேல் சீனப் பேரரசுகளின் ஆட்சியில் இருந்த நாடு அது. ஆகவே பெயர்ச்சொற்களில் பெரும்பங்கு சீன வேர் கொண்டவை. இந்த மரம் ஆப்ரிகாட் பழ மரத்தின் உறவு. கடுங்குளிர் முடிவதற்குள், இலை வருவதற்கு முன்பே, வெறுங்கிளையில் பூத்துவிடும். மற்ற மரங்கள் வெயிலுக்குக் காத்திருக்கையில் இது காத்திருப்பதில்லை. அதனால்தான் கிழக்காசியப் புலவர்கள் இந்தப் பூவை உறுதிக்கும் தூய்மைக்கும் அடையாளமாக்கினார்கள். மாய், ஆர்க்கிட், சாமந்தி, மூங்கில் ஆகிய நான்கையும் சான்றோரின் குணங்களாகச் சேர்த்துப் படம் வரைவது அங்கே பழைய மரபு. நான்கு பெண்கள் பிறந்த வீட்டில் மாய், லான், குக், ட்ருக் என்று வரிசையாக இந்த நான்கையும் பெயராக வைப்பதும் உண்டு.

பெண்ணுக்குப் பூவின் பெயர் என்றதும் நாம் மென்மை என்று நினைக்கிறோம். இங்கே பூ நிற்பது குளிரைத் தாங்கும் வலிமைக்காக. 1052 முதல் 1096 வரை வாழ்ந்த மான் ஸியாக் என்ற பௌத்தத் துறவி, நோயுற்றிருந்தபோது சீடர்களுக்கு ஒரு சிறு பாடல் சொன்னார். மூப்பையும் நிலையாமையையும் பேசும் அந்தப் பாடல், முற்றத்தில் பூத்த ஒரே ஒரு மாய்க் கிளையில் முடிகிறது. அங்கே பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த பாடல் அது. அந்தப் பூவைத்தான் மகள்களுக்குப் பெயராக வைக்கிறார்கள்.

தனியாகவும் வைப்பார்கள், இன்னொரு சொல்லோடு சேர்த்தும் வைப்பார்கள். துயெத் மாய் என்றால் பனியில் பூத்த மாய். சுவான் மாய் என்றால் வசந்தத்தின் மாய். ஙோக் மாய் என்றால் பச்சை மணிக்கல் போன்ற மாய். சி மாய் என்றால் மாய்க் கிளை.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. சைகோனில் குளிர்காலமே கிடையாது. நம் சென்னை போல வெயில் கொளுத்தும். அந்த மரம் அங்கே எப்படிப் பூக்கும்? வடக்கிலிருந்தும் நடுப்பகுதியிலிருந்தும் நூற்றாண்டுகளாகத் தெற்கே குடியேறிய மக்கள் தங்கள் பூவின் பெயரை அந்த மண்ணில் கண்ட ஒரு மஞ்சள் பூவுக்கு வைத்துவிட்டார்கள். ஐந்து இதழ், பளிச்சென்ற மஞ்சள். தாவரவியல்படி இரண்டுக்கும் உறவே இல்லை, குடும்பமே வேறு. ஆனால் அதுவும் ஆண்டுப் பிறப்பை ஒட்டிப் பூக்கிறது. அது போதுமானதாக இருந்தது.

அவர்களுடைய ஆண்டுப் பிறப்புக்கு டெட் என்று பெயர். சிரிக்கிறீர்கள். ‘டெட்’ என்றதும் நம் எல்லோருக்கும் ஆசிரியர் தகுதித் தேர்வுதான் நினைவு வரும்! அங்கே அது பொங்கலும் தீபாவளியும் சேர்ந்த மாதிரி. ஜனவரி கடைசிக்கும் பிப்ரவரி நடுவுக்கும் இடையில் வரும். வடக்கே வீடுகளில் இளஞ்சிவப்புப் பீச் மலர்க் கிளை, தெற்கே மஞ்சள் மாய். பண்டிகையன்று சரியாகப் பூக்க வேண்டுமென்றால், சந்திர நாட்காட்டியின் பன்னிரண்டாம் மாதப் பௌர்ணமியை ஒட்டி மரத்தின் இலைகளை எல்லாம் கையால் உருவிவிட வேண்டும். வெயில் அதிகமாக இருந்தால் சில நாள் தள்ளி, குளிர்ச்சியாக இருந்தால் சில நாள் முன்னதாக. அந்த ஆசிரியையும் பேரனும் இலை உருவியபோது நானும் உதவினேன். மரத்தை மொட்டையாக்கிவிட்டோமே என்று கவலையாக இருந்தது. பண்டிகையன்று காலையில் கதவைத் திறந்தால் மரம் முழுக்க மஞ்சள்.

மாய் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. சீனத்திலிருந்து வராத, அவர்கள் மண்ணிலேயே பிறந்த சொல் அது. அதற்கு ‘நாளை’ என்று பொருள். ஒலி ஒன்று, வேர் வேறு. பூவை நினைத்து வைத்த பெயரில் நாளையும் ஒலிக்கிறது. வகுப்பில் ஒரு குழந்தையை இப்படிக் கூப்பிடும்போது நாளையையும் சேர்த்தே கூப்பிடுகிறோம்.

அவர்கள் பெயரின் அமைப்பையும் சொல்ல வேண்டும். முதலில் குடும்பப் பெயர், நடுவில் ஒரு சொல், கடைசியில்தான் அவரவர் பெயர். ஙுயென் தி மாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஙுயென் குடும்பப் பெயர். மக்களில் ஏறத்தாழ பத்தில் நான்கு பேருக்கு அதுதான் குடும்பப் பெயர். ‘தி’ என்பது பெண் என்று காட்டுவதற்காக முற்காலத்தில் சேர்த்த சொல். இப்போது பல பெற்றோர் அதை விட்டுவிடுகிறார்கள். நம் நெடுங்கணக்கில் ங வரிசை வரும்போது, “டீச்சர், இதுல ஒரு வார்த்தைகூட ஆரம்பிக்காதே, எதுக்கு இத்தனை எழுத்து?” என்று பிள்ளைகள் கேட்பார்கள் அல்லவா? நாட்டில் பாதிப் பேரை எழுத அந்த எழுத்து தேவைப்படும் ஒரு தேசம் இருக்கிறது என்று இனிமேல் சொல்லுங்கள்.

பாதி வகுப்பு ஙுயென் என்றால் குடும்பப் பெயரைச் சொல்லிக் கூப்பிட முடியுமா? முடியாது. அதனால் சிறுவர் முதல் அமைச்சர் வரை கடைசியில் உள்ள சொந்தப் பெயரால்தான் அழைக்கப்படுவார்கள். நாமும் தந்தை பெயரை முதலெழுத்தாக வைத்துக்கொண்டு சொந்தப் பெயரால்தான் அழைக்கிறோம். திருமணமானாலும் அங்கே பெண்ணின் பெயர் மாறுவதில்லை. வெறும் பெயரைச் சொல்லிப் பெரியவர்களைக் கூப்பிடவும் கூடாது. முன்னால் உறவு முறை வேண்டும். ஆசிரியையைப் பிள்ளைகள் ‘கோ மாய்’ என்பார்கள். கோ என்றால் டீச்சர். அதே சொல்லுக்கு அத்தை என்றும் பொருள், அப்பாவின் தங்கை. பிள்ளைகள் தங்களைக் குறிக்கும்போதும் ‘நான்’ என்ற பொதுச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. ‘தம்பி, தங்கை’ என்றோ ‘பிள்ளை’ என்றோ பொருள்தரும் சொல்லால்தான் ஆசிரியரிடம் பேசுவார்கள். புத்தாண்டின் முதல் நாள் தந்தை வழியினருக்கு, இரண்டாம் நாள் தாய் வழியினருக்கு, மூன்றாம் நாள் ஆசிரியருக்கு என்று அங்கே ஒரு வழக்கு. அந்த மூன்றாம் நாள் காலையில் கோ மாய் வீட்டு வாசலில் கிடந்த செருப்புகளை நான் எண்ணினேன். முப்பதைத் தாண்டியது. அதில் பாதி பெரியவர்களுடைய செருப்பு.

பெயர் வைப்பதில் நமக்கும் அவர்களுக்கும் நேர் எதிரான ஒன்றும் உண்டு. நாம் தாத்தா பாட்டி பெயரைப் பிள்ளைக்கு வைக்கிறோம். பெயரன், பெயர்த்தி என்ற சொற்களே அதிலிருந்து வந்தவைதானே. வியட்நாமிய மரபில் முன்னோர் பெயரைக் குழந்தைக்கு வைப்பது மரியாதைக் குறைவு. அந்தக் குழந்தையைத் திட்ட நேர்ந்தால் தாத்தாவைத் திட்டியதாகிவிடும் அல்லவா! அரசர்கள், பிரபுக்களின் பெயரையும் உச்சரிக்கக் கூடாது என்று இருந்தது. தெற்கை ஆண்ட பிரபுவின் பெயர் ஹுவாங் என்பதால், மஞ்சள் என்று பொருள்படும் ஹுவாங்கையே அங்கே ஹுயின் என்று மாற்றிச் சொன்னார்கள். இன்றும் தெற்கில் மஞ்சள் மாயை ஹுயின் மாய் என்பது அதனால்தான்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

ஒருநாள் கோ மாயிடம், “உங்களுக்கு இந்தப் பெயரை யார் வைத்தது?” என்று கேட்டேன். “அம்மா” என்றார். அம்மாவின் பெயர் என்ன என்று கேட்டேன். “ஊத்” என்றார். அப்படியென்றால் கடைக்குட்டி என்று பொருள். மெக்கோங் கழிமுகத்தில் ஓர் உழவர் வீட்டில் பிறந்த கடைசிப் பெண். தெற்கில் பிறந்த வரிசையால் பிள்ளைகளை அழைப்பது வழக்கம். மூத்த பிள்ளையையே ‘இரண்டு’ என்றுதான் அழைப்பார்கள். கண் பட்டுவிடும், பேய் கொண்டுபோய்விடும் என்று வேண்டுமென்றே மட்டமான பெயர் சொல்லிக் குழந்தையைக் கூப்பிடுவதும் உண்டு. நம் ஊரில் குப்பம்மாள், பிச்சை என்று வைத்தது போல. அந்தத் தாய்க்குக் கடைசி வரை ‘கடைசி’ என்பதுதான் பெயர். எழுத்து தெரியாது. மகள் பிறந்த வாரத்தில் மரம் பூத்திருந்தது. மகளுக்காவது பூவின் பெயர் இருக்கட்டும் என்று அந்தப் பெயரை வைத்தாராம். பள்ளிக்கூடத்தில் மகள் முதன்முதலில் தன் பெயரை எழுதிக் கொண்டுவந்து காட்டியபோது, அந்தத் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாராம்.

இதைக் கேட்டதும் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. வெளியே வந்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டு. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஜூன் மாதச் சேர்க்கை. ஒரு தாய் தன் ஐந்தாவது பெண்ணைக் கூட்டி வந்தார். பெயர் கேட்டேன். “போதும்பொண்ணு” என்றார். எனக்குக் கோபம் வந்தது. இது என்ன பெயர், இந்தக் குழந்தை வாழ்நாள் முழுக்க இதைச் சுமக்க வேண்டுமா என்று நினைத்தேன். நல்ல எண்ணம்தான். சேர்க்கைப் பதிவேட்டில் நானே ஒரு அழகான பெயரை எழுதினேன். தாயிடம் கேட்கவில்லை. அந்தக் குழந்தையிடமும் கேட்கவில்லை. எழுதிய பிறகு, “இனிமே உன் பேரு இதுதான்” என்று அறிவித்தேன். அந்தத் தாய், “சரிங்க டீச்சர்” என்றார். எதிர்த்துப் பேசும் நிலையில் அவர் இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பும்போது சிக்கல் தொடங்கியது. குடும்ப அட்டையில் ஒரு பெயர், சாதிச் சான்றிதழில் அதே பெயர், பள்ளிப் பதிவேட்டில் வேறு பெயர். கூலி வேலைக்குப் போகிற அப்பா வேலையை விட்டுவிட்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். எனக்குச் செய்தி வந்து நானும் போய்க் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அன்று அந்தப் பெண் என்னிடம் சொன்னாள்: “டீச்சர், நீங்க வச்ச பேரு நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க ஆயா சாகற வரைக்கும் என்னை ‘போதுமு’ன்னுதான் கூப்பிட்டுச்சு. அது கூப்பிட்டா கோவமே வராது. நீங்க என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இத்தனை ஆண்டுகளாக அது எனக்குள் இருக்கிறது.

போதும்பொண்ணு, வேண்டாம் என்று பெண் குழந்தைக்குப் பெயர் வைப்பது சரி என்று நான் சொல்லவில்லை. அது இந்தச் சமூகத்தின் குற்றம். அந்தப் பெயரை மாற்ற அந்தப் பெண்ணுக்கு முழு உரிமை உண்டு, அரசிதழில் வெளியிட்டு மாற்றிக்கொள்ள வழியும் உண்டு. ஊத்தின் மகள் மாய் ஆனாள். அந்த மாற்றத்தைச் செய்தவர் தாய், ஆசிரியர் இல்லை. ஒருவர் பெயரில் இருக்கும் வலியைத் தீர்க்க, அதே பெயரில் இருக்கும் ஆயாவின் குரலையும் சேர்த்து அடித்துவிட்டேன். அதைச் செய்ய எனக்கு உரிமை இல்லை.

பெயரை மாற்றாமலேயே இன்னொரு தவறும் செய்கிறோம். இன்று நம் பள்ளிகளில் ஒடிசா, பீகார், நேபாளத்திலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் படிக்கிறார்கள். செங்கல் சூளையிலும் நூற்பாலையிலும் பெற்றோர். அவர்கள் பெயரை நம் வாய்க்கு வந்தபடி எழுதுகிறோம். ‘எப்படி எழுதினால் என்ன?’ என்று நினைக்கிறோம். பிள்ளையும் பத்து நாள், பத்து மாதம் ‘உள்ளேன் ஐயா’ சொல்லிக்கொண்டே இருக்கும், கோ மாய் சிரித்தபடி திரும்பிப் பார்த்தது போல. திருத்தவில்லை என்பதால் சரியாகச் சொல்கிறோம் என்று பொருளாகாது. அந்தச் சிறுவன் அன்று சிரிக்காமல் இருந்திருந்தால் இரண்டு மாதமும் அவர் எனக்குத் தையல் டீச்சர்தான்.

ஆகவே மூன்றே மூன்று வேண்டுகோள்.

சேர்க்கையின்போது பெயரை எழுதுவதற்கு முன் குழந்தையையே சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் திருப்பிச் சொல்லிக் காட்டி, சரியா என்று கேளுங்கள். பிறப்புச் சான்றிதழோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். இரண்டு நிமிடம் ஆகும். விட்டுவிட்டால் பின்னால் அந்தக் குடும்பத்துக்கு ஓர் ஆண்டு அலைச்சல்.

பெயரின் கதையை வீட்டில் கேட்டு வரச் சொல்லி ஒரு மொழிப்பாடச் செயல்பாடு செய்யலாம். யார் வைத்தது, எதனால், என்ன பொருள் என்று நான்கு வரி. ஆனால் கவனம் தேவை. பெற்றோரை இழந்த பிள்ளைகள் இருப்பார்கள், போதும்பொண்ணுகள் இருப்பார்கள். எல்லோரும் எழுந்து படிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். விரும்புகிறவர் படிக்கட்டும், மற்றவர் உங்களிடம் மட்டும் கொடுக்கட்டும். தங்களுக்குப் பிடித்த ஒரு பூவின், மரத்தின், ஊரின் பெயரைப் பற்றி எழுதவும் இடம் கொடுங்கள்.

மூன்றாவது, வருகைப் பதிவு. நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு குழந்தையின் பெயரும் நம் வாயிலிருந்து வருகிறது. சில பிள்ளைகளுக்கு அந்த ஒரு முறைதான் யாரோ ஒருவர் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். அதை எண் சொல்லி முடித்துவிடாதீர்கள்.

நான் ஊருக்குக் கிளம்பிய அன்று கோ மாய் வாசலுக்கு வந்தார். மரத்தில் பூ கொட்டிப் புதுத் தளிர் வந்திருந்தது. நான் மெதுவாக, ஏற்ற இறக்கம் இல்லாமல், நெடிலை நன்றாக நீட்டி அவர் பெயரைச் சொன்னேன். பேரனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. தலையை ஆட்டினான். முப்பத்திரண்டு ஆண்டு பணியில் எத்தனையோ பேரிடம் மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஏழு வயதுப் பையனிடம் வாங்கிய அந்தத் தலையாட்டலுக்கு எதுவும் ஈடில்லை.

உங்கள் பேருந்துக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது.